புளி போட்டுத் தேய்த்த கான்ஸ்டன்டைன்

என் முதல் ரோம நாணயத்தை வாங்கி வந்த அன்றே புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துவிட்டேன். சொல்ல இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாணயத்தைப் பார்க்க நான் கற்றுக்கொண்டது அந்தப் புளிக்குப் பிறகுதான்.

லண்டனுக்கு வந்து நான்காவது வருடம். புளூம்ஸ்பரி பக்கம் ஒரு ஹோட்டலில் நாணயச் சந்தை நடப்பதாகப் பலகை வைத்திருந்தார்கள். வெளியே மழை. உள்ளே போனால் நீள நீள மேசைகள், மேசைக்கு ஒரு விளக்கு, விளக்கடியில் தலையைக் கவிழ்த்திருக்கும் வழுக்கைகள். ஒரு மேசையில் பிளாஸ்டிக் தட்டு நிறையச் சட்டைப் பொத்தான் அளவில் கரும்பச்சையாக ஏதோ குவிந்திருந்தது. எதை எடுத்தாலும் 15 பவுண்டு என்றார் வியாபாரி. ஏறக்குறைய 1,700 வருடத்துப் பொருள் 15 பவுண்டுக்கா! ஒன்றைப் பொறுக்கினேன். ஒரு பக்கம் முடி அணிந்த ஒரு தலை. மறுபக்கம் இரண்டு படைவீரர்கள், நடுவே இரண்டு கொடிக்கம்பங்கள். ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் காலத்து வெண்கலக் காசு என்றும், பின்பக்க எழுத்து 'குளோரியா எக்ஸெர்சிட்டஸ்', அதாவது 'படையின் புகழ்' என்றும், கி.பி. 330க்கும் 335க்கும் இடையில் அடித்தது என்றும் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்தது அது அழுக்காக இருக்கிறது என்பது மட்டும்.

ஊரில் கார்த்திகைக்கு முந்தின நாள் அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவார். அதே கை. இரண்டே நிமிடத்தில் பச்சை போய் இளஞ்சிவப்பாகச் செம்பு பளபளத்தது. படம் எடுத்து உறவுக்காரர்கள் குழுவில் போட்டு நாற்பது பேரிடம் பாராட்டும் வாங்கிவிட்டேன். அடுத்த சந்தைக்கு அதே காசைப் பெருமையாகக் கொண்டுபோய் வியாபாரியிடம் நீட்டினேன். பார்த்தார், ஒன்றும் பேசாமல் திருப்பித் தந்தார். பக்கத்தில் குனிந்திருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற கணக்காளர், முப்பது வருடத்துக்கு மேலாகச் சேர்க்கிறவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

"தம்பி, இதுக்கு என்ன செய்தனீங்கள்?"

"புளி போட்டுத் தேய்த்தேன் ஐயா."

"தோலை உரிச்சுப் போட்டியள்."

அது தோல்தான். செம்புக் கலவை நூற்றாண்டுக்கணக்காக மண்ணில் கிடக்கும்போது அதன் மேல்பரப்பு மெல்ல மெல்லக் கனிமமாக மாறிவிடுகிறது. பட்டினா என்பார்கள். தலைமுடியின் கோடு, எழுத்தின் விளிம்பு, படைவீரனின் மூக்கு எல்லாம் அந்த மெல்லிய படலத்தில்தான் தங்கியிருக்கின்றன. அதைக் கரைத்துவிட்டால் அடியிலிருந்து புதுக்காசு வரப்போவதில்லை. என் படைவீரர்கள் இருவரும் முகமில்லாத இரண்டு நிழல்களாகிவிட்டார்கள். 15 பவுண்டுக் காசுக்கு இரண்டு பவுண்டு கொடுக்கவும் ஆள் கிடையாது.

கதை அங்கேயும் முடியவில்லை. உப்பில் உள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து, லண்டன் ஈரத்தில் இரண்டு மாதத்தில் வேலையைக் காட்டியது. காசின் மேல் அங்கங்கே வெளிர்பச்சை மாவு பூத்தது. நகத்தால் கீறினால் உதிர்ந்தது, அடியில் சின்னக் குழி. வெண்கல நோய் என்று இதற்குப் பெயர். ஈரப்பதம் இருக்கும்வரை தானே தன்னைத் தின்றுகொண்டே போகும். கெட்டியாக ஒட்டியிருக்கும் கரும்பச்சைப் பட்டினாவுக்கும் மாவாக உதிரும் வெளிர்பச்சைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு வெண்கலக் காசுகூட வாங்காதீர்கள். பெரியவர் சொன்னபடி மாவைப் பல்குச்சியால் சுரண்டி எடுத்து, காசைக் காய்ச்சி வடித்த நீரில் வாரக்கணக்காக ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, கடைசியில் ரேடியேட்டர் மேல் நன்றாகக் காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனி டப்பாவில் அடைத்தேன். இன்றும் தனி டப்பாவில்தான் இருக்கிறது, தண்டனைக் கைதி மாதிரி.

அவருக்குச் சீடனானது அப்படித்தான். முதல் பாடமே மொழிப்பாடம். நாணயச் சீட்டில் 'குட்' என்று எழுதியிருந்தால் நல்ல காசு என்று நினைத்திருந்தேன். நாணயக்காரர்கள் பாஷையில் 'குட்' என்றால் யார் தலை என்று ஊகிக்கிற அளவுக்குத் தேய்ந்தது. 'ஃபைன்' என்றால் உருவம் தெரியும், நுணுக்கம் போயிருக்கும். 'வெரி ஃபைன்' காசில் முடியிழை, வாகை இலை, உடை மடிப்பு பெரும்பாலும் நிற்கும். 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' காசில் காதுக்கு மேலுள்ள முடி, கன்ன எலும்பு போன்ற மேடுகளில் மட்டும் லேசான தேய்வு. அதற்கும் மேலே அச்சிலிருந்து விழுந்த மேனிக்கு இருக்கும் காசுகள். ஜெர்மன்காரர்கள் நம் 'ஃபைன்' காசை 'அழகு' என்பார்கள், 'வெரி ஃபைன்' காசை 'மிக அழகு'. பிரெஞ்சுக்காரர்களுக்கு ஃபைனே 'மிக அழகு', வெரி ஃபைன் 'மிக மிக அழகு'. கல்யாணத் தரகர் கெட்டார்! வெளிநாட்டு ஏலப் பட்டியலைப் படிக்கும்போது இது தெரியாமல் நான் ஒருமுறை ஏமாந்தேன். ஏமாற்றியது யாருமில்லை, என் அகராதிதான்.

நான் அதிகக் காசை விட்டது இந்தத் தரச் சொற்களை நம்பியதால்தான். இரண்டு காசுகள் சீட்டில் வெரி ஃபைன் என்றிருக்கும். ஒன்று 30 பவுண்டு, மற்றது 75. அரசர் அவரே, பின்பக்க உருவம் அதுவே, எடையும் ஏறத்தாழ அதுவே. 30 பவுண்டுக் காசைத்தானே புத்திசாலி எடுப்பான்? எடுத்தேன். மூன்று முறை எடுத்தேன்.

மூன்றாவதைப் பெரியவரிடம் காட்டியபோது அவர் தன் பெட்டியிலிருந்து அதேபோல ஒன்றை எடுத்து விளக்கடியில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ரோமப் பேரரசன் மூன்றாம் கோர்டியனின் அன்டோனினியானஸ் என்ற வெள்ளிக்காசு. சூரியக் கதிர் போல முள்முள்ளாகக் கிரீடம் வைத்த, மீசை அரும்பாத பையன். 238ல் அவன் அரசனானபோது வயது 13. பின்பக்கம் கையில் மாலையும் நங்கூரமுமாக நிற்கும் மகிழ்ச்சித் தெய்வம், லெட்டீஷியா. என் காசில் அவள் மார்பும் முகமும் ஈர மணலில் கால் வைத்தது போல வழவழவென்று மழுங்கிக் கிடந்தன.

"தேய்ந்துவிட்டது" என்றேன்.

"தேய்ஞ்சதெண்டால் சுத்தியுள்ள எழுத்தும் தேய்ஞ்சிருக்க வேணுமே. விரலை வைச்சுப் பாருங்கோ, எழுத்து கையைக் கீறுமாப்போல நிக்குது. இது தேய்வில்லை தம்பி. அச்சு விழேல்லை."

காசைத் திருப்பினார். மழுங்கிய இடத்துக்கு நேர் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டார். பையனின் கன்னமும் காதும். அதுதான் அந்தப் பக்கத்தில் அச்சு ஆழமாக வெட்டப்பட்ட இடம். ரோமில் எந்திரம் கிடையாது. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் சூடான வெள்ளி வில்லை, சம்மட்டியால் ஓர் அடி. அடி கொஞ்சம் லேசாக விழுந்தால், முகத்தின் ஆழத்தை நிரப்பப் போன உலோகம் பின்பக்க நடுவுக்கு எட்டாது. லெட்டீஷியா பிறக்கும்போதே முகமில்லாமல் பிறந்திருக்கிறாள். அந்தக் காசு ஒரு நாள்கூடப் புழங்கியிருக்காது. தேய்வை மட்டும் பார்த்தால் சீட்டில் எழுதியது பொய்யே இல்லை. ஆனால் அதை யார் விரும்பி வாங்குவார்?

லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு அன்று ஒரு மணி நேரம் இந்த ஒன்றையே பார்த்தேன். தேய்வு மேட்டில்தான் தொடங்கும்: காதோர முடி, கன்னம், பின்பக்க உருவத்தின் முழங்கால், மார்பு. மேடு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் ஒரே சீராக வழவழப்பாகும், படிக்கட்டில் நடுப்பகுதி தேய்வது போல. அச்சு விழாத இடமோ ஒரு திட்டாக இருக்கும், அதன் விளிம்பைத் தாண்டினால் எழுத்து கூர்மையாக நிற்கும், எதிர்ப்பக்கத்தில் அதே இடத்தில் ஏதாவது ஆழமான உருவம் இருக்கும். இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபட எனக்கு ஆறு மாதம் ஆனது. புத்தகத்தில் படித்ததால் வரவில்லை. 15 பவுண்டுத் தட்டைக் கிளறிக் கிளறி வந்தது. அந்த வியாபாரி நான் வந்தாலே நாற்காலியைத் தள்ளிப் போடுவார்.

தேய்வு, அச்சு இரண்டும் போக இன்னும் சில. உருவம் வில்லையின் நடுவில் விழுந்திருக்கிறதா, எழுத்து முழுவதும் உள்ளே இருக்கிறதா? அரசன் பெயரில் பாதி வெளியே போயிருந்தால் விலை இறங்கும். ஓரத்தில் விரிசல் இருந்தால் பயப்பட வேண்டாம், சம்மட்டி அடியில் வில்லை வெடித்ததுதான் அது. முகத்தைத் தொடாதவரை பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. மேல்பரப்பு சொரசொரவென்று துளைவிழுந்திருக்கிறதா, கீறல் உண்டா, யாராவது கொக்கி வைத்துப் பற்றவைத்த தழும்பு ஓரத்தில் இருக்கிறதா? நகையாக இருந்து கழற்றப்பட்ட காசு எவ்வளவு அழகாக இருந்தாலும் விலையில் பாதியை அந்தத் தழும்பு தின்றுவிடும். அமெரிக்காவில் என்ஜிசி என்ற நிறுவனம் காசைப் பெட்டியில் அடைத்துத் தரும்போது தேய்வுக்கு ஓர் எழுத்தும், அச்சுக்கு ஐந்துக்கு இத்தனை, மேல்பரப்புக்கு ஐந்துக்கு இத்தனை என்று தனித்தனி மதிப்பெண்ணும் போடுகிறது. காசைப் பெட்டியில் அடைப்பது எனக்குப் பிடிக்காது, கையில் எடுத்துப் பார்க்க முடியாத காசு எதற்கு? ஆனால் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய வெண்கலக் காசுகளில் இன்னொரு விஷமம் உண்டு. தேய்ந்துபோன முடியை ஊசிமுனையால் புதிதாகச் செதுக்கி வைப்பார்கள். நெரோவின் செஸ்டர்ஷியஸ் ஒன்றில் முடி ஒவ்வொன்றும் வாரிவிட்டது போல இருந்தது, கன்னமோ வழவழவென்று தேய்ந்திருந்தது. முடி உயர்ந்து நிற்கும் மேடு. அது தேயாமல் கன்னம் மட்டும் எப்படித் தேயும்? காசின் ஒரு பாகம் இன்னொரு பாகத்தைவிட இளமையாக இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

சரி, போலிக்கு வருவோம். எனக்கு ரோமப் பேரரசன் டைபீரியஸின் காசு ஒன்று வேண்டும் என்று ஆசை. முன்பக்கம் அரசன் தலை, பின்பக்கம் நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண், அவன் தாய் லிவியா என்பது வழக்கம். 'இராயனுடையதை இராயனுக்கு' என்று இயேசு காட்டிய காசு இதுதான் என்று நம்பி உலகெங்கும் கிறிஸ்தவர்கள் வாங்குவதால், ஏராளமாகக் கிடைத்தும் இதன் விலை இறங்குவதே இல்லை. நல்லது ஒன்று 250 பவுண்டுக்குக் குறையாது என்று தெரிந்திருந்தும் இணையத்தில் ஒருவர் 60 பவுண்டுக்குப் போட்டிருந்ததை நள்ளிரவில் வாங்கினேன். பேராசைக்கு எப்போதும் நள்ளிரவுதான் நேரம்.

வந்த காசைத் தராசில் வைத்தேன். 3.05 கிராம். டெனாரியஸ் என்ற இந்த வகை வெள்ளிக்காசு 3.6, 3.8 என்று நிற்கும். தேய்ந்ததென்றாலும் இவ்வளவு தேய்வு படத்தில் தெரிய வேண்டுமே. லூப்பில் பார்த்தால் எழுத்துகளின் அடிவாரம் சோப்புக்கட்டியில் செதுக்கியது போல உருண்டிருந்தது. அச்சில் அடித்த எழுத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கூர்மையான மூலை இருக்கும், இதில் இல்லை. தரைப்பரப்பில் இட்லியின் மேல் இருப்பது போலப் பொடிப்பொடித் துளைகள். உருக்கி வார்க்கும்போது அடைபட்ட காற்று அது. ஓரத்தில் அரம் ஓடிய கோடு. சந்தேகமே இல்லை என்றாலும் மனம் கேட்கவில்லை. போலிகளின் படங்களைத் தொகுத்து வைத்திருக்கும் இடங்களில் தேடினேன். மூன்றாவது பக்கத்தில் என் காசு. அதே வளைவு, ஏழு மணி நிலையில் அதே நசுங்கல், அரசன் கழுத்தில் அதே கீறல். ஓர் அச்சில் ஆயிரக்கணக்கில் காசு அடிக்கலாம், ஆனால் கையால் அடித்த இரண்டு வில்லைகளின் ஓரம் ஒரே வடிவில் விரியாது. அசல் காசோடு அச்சு மட்டும் ஒத்துப்போவது நல்ல செய்தி. ஓரமும் கீறலும் ஒத்துப்போனால் இரண்டும் ஒரே தாயின் வார்ப்பு. விற்றவர் கணக்கு அதற்குள் காணாமல் போயிருந்தது. 60 பவுண்டு பள்ளிக் கட்டணம் என்று எழுதிக்கொண்டேன்.

இதைச் சொல்லும்போது ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ரோமர் காலத்திலேயே கள்ளக்காசு உண்டு. செம்பு வில்லைக்கு வெள்ளித் தகடு போர்த்தி அடித்தவை. வெள்ளி பிய்ந்த இடத்தில் செம்பு தெரியும், எடை குறையும். ஆனால் எழுத்து கூர்மையாக இருக்கும், ஏனென்றால் அதுவும் அச்சில் அடித்ததுதான். இரண்டாயிரம் வருடத்துக் கள்ளக்காசை விரும்பிச் சேர்ப்பவர்களும் உண்டு. சோப்புக்கட்டிக் காசைத்தான் யாரும் சேர்ப்பதில்லை.

விலை பார்க்கும் முறைக்கு வருகிறேன். ஆர்ஐசி என்று எல்லோரும் சொல்லும் ரோமப் பேரரசு நாணயப் பட்டியல் பத்துத் தொகுதிகள். அதன் எண்தான் காசுக்கு ஆதார் எண். தொகுதிகளை வாங்க வேண்டியதில்லை. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் ஓக்ரே தளத்தில் அரசன் பெயர், பின்பக்க உருவம், காசுச்சாலை என்று கொடுத்து இலவசமாகத் தேடலாம். கான்ஸ்டன்டைன் காலத்துக் காசென்றால் பின்பக்கம் அடியில் இருக்கும் சில எழுத்துகளைப் படியுங்கள், காசு அடித்த ஊரைச் சொல்லும்: டிஆர் என்றால் டிரியர், எஸ்ஐஎஸ் என்றால் சிசியா, எஸ்எம்ஏஎன் என்றால் அந்தியோக்கியா. எண் கிடைத்ததும் ஏசிசர்ச் போன்ற பழைய ஏலப் பதிவுகளில் அதே எண்ணுள்ள காசு எவ்வளவுக்குப் போயிருக்கிறது என்று பார்ப்பேன். விலை தெரிய அங்கே சந்தா கட்ட வேண்டும். கட்டலாம், ஒரு தவறான வாங்கலைத் தடுத்தாலே போட்ட பணம் வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு விற்பனைகளை எடுத்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்கிவிட்டு, மீதியின் படங்களை என் காசோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். சீட்டில் எழுதிய தரத்தைக் கையால் மறைத்துவிட்டுத்தான் பார்ப்பது. என் காசு எந்த இரண்டு படங்களுக்கு நடுவில் உட்காருகிறதோ அதுதான் விலை.

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையே அல்ல, அது அவர் ஆசை. ஏலத்தில் சுத்தி விழும் விலையும் நீங்கள் கொடுக்கும் விலை அல்ல. அதற்கு மேல் ஏலக்காரரின் கமிஷன் 20 சதவீதமோ அதற்கு மேலோ, அதற்கு வரி, அப்புறம் தபால். 50 பவுண்டுக்குக் கேட்ட ஒரு காசு என் கைக்கு வரும்போது 72 ஆகியிருந்தது. அதை இரண்டு வருடம் கழித்து வியாபாரியிடம் விற்கப் போனேன், 38 கொடுத்தார். அவர் கொடுத்தது நியாயமான விலைதான். இதை முதலீடு என்று யாராவது சொன்னால் அந்த 72ஐயும் 38ஐயும் சொல்லுங்கள்.

'அரிது' என்ற சொல்லுக்கு நான் இப்போது காது கொடுப்பதில்லை. கான்ஸ்டன்டைன் காசில் ஒரு புள்ளி, ஒரு பிறை கூடுதலாக இருந்தால் உலகில் பத்துதான் இருக்கும்; அதைத் தேடுகிறவர் எட்டுப் பேர், எனவே 20 பவுண்டு. ஓதோவின் காசு அப்படியா? கி.பி. 69ல் மூன்றே மாதம் ரோமை ஆண்டவர், ஆனாலும் அவர் டெனாரியஸ் ஏலத்துக்கு ஏலம் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஜூலியஸ் சீசர் தொடங்கிப் பன்னிரண்டு சீசர்களையும் வரிசையாகச் சேர்க்கிறவர்கள் அத்தனை பேருக்கும் ஓதோ ஒருவர் வேண்டுமே, அதனால் சுமாரான காசே பல நூறு பவுண்டு. மறுபக்கம், 2010ல் இங்கிலாந்தின் ஃப்ரோம் அருகே ஒரே பானையில் 52,503 காசுகள் கிடைத்தன. மூன்றாம் நூற்றாண்டுக் காசு ஏன் மலிவு என்பதற்கு அந்த ஒரு பானை போதும். தொடக்கக்காரர் அங்கேயே தொடங்கலாம்: செப்டிமியஸ் செவரஸ் குடும்பத்து டெனாரியஸ், கோர்டியன் போன்றவை. 50 பவுண்டுக்கு நல்ல முகம் கிடைக்கும். "ஐந்து வாங்குறதை விட்டுட்டு ஒண்டு வாங்குங்கோ" என்பார் பெரியவர். நான் அந்தப் பேச்சைக் கேட்டது பதினாறாவது காசுக்குப் பிறகு.

காசோடு வரும் காகிதத்துக்கும் விலை உண்டு. சீசரைக் கொன்ற புரூட்டஸ், கொலை நடந்த மார்ச் 15ஐக் குறித்து 42 கி.மு.வில் அடித்த 'ஈத் மார்' பொற்காசு ஒன்று 2020 அக்டோபரில் லண்டனில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அது எந்தப் பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று காட்டிய சான்று பொய் என்று பிறகு வெளிவந்து, 2023ல் காசு கிரேக்க நாட்டுக்குத் திரும்பியது. நம் 50 பவுண்டுக் காசுக்கு யாரும் அவ்வளவு மெனக்கெடப் போவதில்லை. ஆனாலும் பழைய ஏலச் சீட்டு, வியாபாரியின் கையெழுத்திட்ட ரசீது எதையும் நான் எறிவதில்லை. காசை வைக்கும் உறையிலும் கவனம் வேண்டும். மெத்தென்ற பிவிசி உறை சில வருடத்தில் பச்சைப் பிசினை விடும், மைலார் என்ற விறைப்பான பிளாஸ்டிக் உறை விடாது.

இதையெல்லாம் படித்துத் தரம் பிரிக்கப் பழகிய பிறகுதான் ஊர்க் காசு நினைவுக்கு வந்தது. 1898ல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. ஒரு பகுதி பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் அரசன் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. தங்கம்தானா என்று சோதித்ததா, இனி இது காசாகப் புழங்கக் கூடாது என்று செல்லாததாக்கியதா என்று அறிஞர்கள் இன்னும் பேசுகிறார்கள். நாணயச் சந்தை மேசையில் வைத்தால் அந்த வெட்டு ஒரு சேதாரம், விலையில் கழிக்க வேண்டியது. அதே வெட்டுதான் அந்தக் காசு கடல் தாண்டி எங்கே வந்தது என்பதற்குச் சாட்சி. என்னைத் தோற்கடித்த அதே டைபீரியஸ் வகை டெனாரியஸ் தென்னிந்தியப் புதையல்களில் அள்ள அள்ளக் கிடைத்திருக்கிறது என்று படித்தபோது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தது.

போன தை மாதம் கரூர் போயிருந்தேன். அமராவதி ஆற்று மணலில் பொடிப்பொடியாக ரோம வெண்கலக் காசுகள் கிடைத்த ஊர். நான் காசு பார்க்கிறவன் என்று செய்தி பரவியிருந்ததால் மாமா ஒரு சந்தனப் பேலாவைக் கொண்டுவந்து வைத்தார். திருநீற்றுக்கு நடுவே மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று. தாத்தா காலத்தில் ஆற்றில் எடுத்ததாம். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒரு தலையின் வளைவு மாதிரி. மறுபக்கம் நிற்கிற ஆளாக இருக்கலாம், கம்பமாகவும் இருக்கலாம். 'குட்' என்று சொல்லவும் வாய் வராது. ஒன்று மட்டும் உடனே தெரிந்தது, இளஞ்சிவப்பாக மின்னியது.

"வருசா வருசம் ஆயுத பூஜைக்கு அத்தை வெளக்கி வெச்சுருவா" என்றார் மாமா.

நான் எதுவும் சொல்லவில்லை. எனக்கு என்ன யோக்கியதை? லண்டனுக்கு எடுத்துப் போய்ப் பார்க்கிறாயா என்று கேட்டார். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக 1972ம் வருடத்துத் தொல்பொருள் சட்டம் விடாது என்றேன். திருநீற்றில் வைக்காமல் ஈரம் படாத தனி டப்பாவில் வைக்கச் சொன்னேன். மாமாவுக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை.

"அதெல்லாம் இருக்கட்டும் மாப்ள. வெல என்ன பெறும்? ஒரு பத்து ரூவா பெறுமா?"

மண்ணிலிருந்து எடுக்கும் புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ம் வருடத்துச் சட்டம் சொல்கிறது, அந்தப் பத்து ரூபாய் இன்னும் பத்து ரூபாய்தான் என்று விளக்கினேன். மாமா காசை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, பேலாவிலேயே போட்டு மூடினார்.

"அப்பப் பெறாதுன்னே வெச்சுக்குவோம்" என்றார்.